வீட்டு விளக்குக்கு எத்தனை எஜமானர்கள்?

இரவு டூட்டிக்குப் போகிற ரயில்வே ஊழியனுக்கு வீட்டில் வயதான தாயார் இருந்தால், மனம் பாதி வீட்டிலேயேதான் இருக்கும். சென்ற மழைக் காலத்தில் ஒரு நாள் நடுநிசியில் என் தாயார் எழுந்து, இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடி, நடையில் விழுந்துவிட்டார்கள். நல்ல வேளையாக மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. அதற்குப் பிறகுதான், ஆள் நடமாட்டம் கண்டால் தானே எரியும் விளக்கு, வாசல் கதவு திறந்தால் போனுக்கு வரும் செய்தி என்கிற விவகாரத்தில் இறங்கினேன். இப்போது அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் உள்ள நம்மவர்கள் சிலர் ஆன்லைனிலும் எஸ்.பி. ரோட்டிலும் ஜிக்பீ சாமான்களை வாங்கிக்கொண்டு வந்து, "இதை எதோடு இணைப்பது?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஒரே ஒரு நடை விளக்குதான் தேவை என்றால், கடையில் விற்கும் சென்சார் பல்பு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள். நாலைந்து இடங்களில் வேண்டும், ஒன்றைப் பார்த்து இன்னொன்று இயங்க வேண்டும் என்பவர்களுக்கே இந்தப் பாடு.

ஜிக்பீ என்பது குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை அனுப்பும் ரேடியோ முறை. தேனீ ஆடும் ஆட்டத்தை நினைத்து வைத்த பெயர் என்பார்கள். நடுவில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு கருவி. கம்ப்யூட்டரில் செருகும் டாங்கிள் அது. நேரடி மின்சாரத்தில் ஓடும் பிளக்கும் பல்பும் வழியிலுள்ள ஸ்டேஷன் மாதிரி, செய்தியை வாங்கி அடுத்த இடத்துக்குக் கொடுக்கும். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் அப்படிக் கொடுக்காது. தன் செய்தியைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். ஆகையால் சென்சார்களை மட்டும் வாங்கிக் குவித்தவர் வீட்டில் கோடி அறைச் செய்தி வந்து சேராது. நடுவழியில் இரண்டு பிளக்காவது வேண்டும்.

கம்பெனிக்காரர் பெட்டியையும் அவர்கள் செயலியையும் நம்பினால் வேலை சுலபம்தான். ஆனால் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற கம்பெனி 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பில்லாமல் தன் சர்வரை நிறுத்தியபோது, அதை நம்பியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு அதை வாடிக்கையாளர் சிலரே வாங்கி நடத்தினார்கள் என்பது வேறு கதை. ஆகவே, வீட்டுக்குள்ளேயே இயங்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு ராஸ்பெர்ரி பையில் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்தேன். அதில் ஜிக்பீயை இணைக்க முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, அதற்குள்ளேயே இருக்கும் இசட்.எச்.ஏ. இன்னொன்று, ஜிக்பீ-2-எம்.க்யூ.டி.டி. என்ற தனி மென்பொருள். மூன்றாவதாக ஒரு ஜெர்மன் கம்பெனியின் டீகான்ஸ் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் அதைத் தேடிப் போகக் காரணம் எனக்குத் தெரியவில்லை.

நான் முதலில் போனது இரண்டாவது வழி. வீடியோவில் எல்லோரும் அதையே புகழ்ந்தார்கள். புகழ்ச்சியிலும் பொய்யில்லை, நாலாயிரத்துக்கு மேற்பட்ட சாதனங்களை அது அறியும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் வைத்து விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அது தனியாக நிற்காது. செய்தியை வாங்கி விநியோகிக்க மஸ்கிட்டோ போன்ற ஒரு தரகர் மென்பொருள் வேண்டும். அதை ஹோம் அசிஸ்டன்டோடு இணைக்க இன்னொரு ஏற்பாடு வேண்டும். இதற்கிடையில், "புதிய டாங்கிள் கண்டேன்" என்று இசட்.எச்.ஏ. தானாகக் கேட்டது; சரி என்று அழுத்திவிட்டேன். ஒரு டாங்கிளுக்கு ஒரு சமயத்தில் ஒரு எஜமானன்தான் இருக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் அதைப் பிடித்து இழுக்க, இரண்டு நாள் ஒரு பல்பும் எரியவில்லை.

அதைச் சரி செய்து மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் சாயங்காலம் தரகருக்குப் போட்ட பாஸ்வேர்டை மாற்றினேன். மற்ற இடத்தில் மாற்ற மறந்து டூட்டிக்கு வந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். இரவு ஒரு மணிக்கு என் மனைவி போன் செய்து, "நடை விளக்கு எரியவில்லை, அத்தையை நான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன்" என்றாள். பார்சல் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, மூன்று மென்பொருளில் எது படுத்துக்கொண்டது என்று அவளுக்கு நான் எப்படி விளக்குவேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இசட்.எச்.ஏ.வுக்கு மாறினேன். ஏழு சாதனங்களையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து மறுபடி சேர்க்க அரை நாள் பிடித்தது. இருபது சாதனம் சேர்ந்த பிறகு மாறுகிறவர் கதி என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே என் அபிப்பிராயம் இதுதான்: புதிதாகத் தொடங்குகிறவர், அதிலும் தான் இல்லாத நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் இருக்கிற குடும்பஸ்தர், இசட்.எச்.ஏ.வில் தொடங்கட்டும். கெட்டுப் போகக்கூடிய இடங்கள் குறைவு.

மற்ற கட்சிக்காரர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். ஹோம் அசிஸ்டன்டை நிறுத்தித் தொடங்கும்போது இசட்.எச்.ஏ.வும் நின்றுவிடும், தங்களது நிற்காது என்று. உண்மைதான். ஆனால் சென்சாரைப் பார்த்து விளக்கைப் போடச் சொல்லும் கட்டளையே ஹோம் அசிஸ்டன்டில் இருக்கும்போது, அது தூங்குகிற இரண்டு நிமிடம் யார் விழித்திருந்து என்ன பிரயோஜனம்? அவர்களுடைய இன்னொரு வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மலிவான டூயா வகைச் சாமான்களில் சில, இசட்.எச்.ஏ.வில் அரைகுறையாகவே வேலை செய்யும். அப்படிப்பட்டதை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் தாராளமாக ஜிக்பீ-2-எம்.க்யூ.டி.டி.க்குப் போகலாம். வாங்காதவர் வாங்கும் முன்பே பட்டியலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

எதை எடுத்தாலும், டாங்கிளை ராஸ்பெர்ரி பையின் நீல நிற யு.எஸ்.பி. துளையில் நேராகச் செருகாதீர்கள். அந்தத் துளையின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவைக் கெடுக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் வாங்கித் தள்ளி வையுங்கள். பையை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள்.

எனக்குக் கடைசியாக மிஞ்சிய தொல்லை மென்பொருளில் இல்லை. சுவர் சுவிட்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பு செத்துவிடும். அதன் வழியாகப் போகிற செய்தியும் நின்றுவிடும். அதனால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைத்தேன். பழக்க தோஷத்தில் அம்மா இரண்டு தடவை அதைப் பிரித்துவிட்டார்கள். கடைசியில், போர்டில் நியூட்ரல் கம்பி இருந்ததால், எலெக்ட்ரீஷியனை வைத்து சுவிட்சுக்குப் பின்னால் ஜிக்பீ ரிலே ஒன்றைப் பொருத்தி, சாதா பல்பையே மாட்டிவிட்டேன். இப்போது அம்மா சுவிட்சைத் தட்டினாலும் எரிகிறது, தட்டாமல் நடந்தாலும் எரிகிறது.