சித்திரை நம் நடவு மாதம்

பேராக்கில் வசந்தம் இல்லை என்பது பாதிதான் சரி. பால்மரத்தோடு வாழ்ந்தவர்கள் இதை அறிவார்கள். ஆண்டின் தொடக்கத்து வறட்சியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் அந்த மரம், அடுத்த சில வாரங்களில் செம்பு நிறத் துளிர் விட்டு மறுபடி பச்சையாகிவிடும். 1877ல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலக்கங்சாரில் ஊன்றிய கன்றுகளோடு இந்தப் பருவமும் பேராக் மண்ணுக்கு வந்து சேர்ந்தது. துளிர் முற்றும் வேளையில், இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவே சித்திரை பிறக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் காலையெல்லாம் வெயில் காய்ந்து மாலையில் இடியோடு மழை இறங்கும் மாதம் அது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி தமிழகத்து மானாவாரி நிலத்துக்குப் பொருந்தும். ஈப்போவிலோ ஆடியை ஒட்டிய மாதங்களில்தான் மழை குறைவு. ஆகவே பேராக் தமிழர்களுக்குச் சித்திரைதான் நடவு மாதம். புத்தாண்டை மண்ணோடும் கொண்டாட வேண்டும், அதற்கான மண்ணை நகரத்துக்குள் கேட்டுப் பெறவும் வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தக் கோரிக்கை புதியதல்ல. பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டமே, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்கப்பட வேண்டும் என்றது. எல்லாத் தோட்டங்களும் அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை. ஆனாலும் லயத்தின் முன்னும் பின்னும் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் அவரைப் பந்தலும் இருந்தன. அவை பொழுதுபோக்குக்காக நட்டவை அல்ல. இலையுதிர்வில் பால் குறையும், பால் குறைந்தால் கூலியும் குறையும். அந்த மாதங்களில் கடைக் கடனை மட்டுப்படுத்தியது கொல்லைக் கீரைதான். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை அரிசி அரிதானபோது, தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்தவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். வீட்டருகே ஒரு துண்டு நிலம் என்பது ஏழைக் குடும்பத்தின் காப்புறுதி என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

அந்தத் துண்டு நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். இதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்து பத்து வெள்ளியாகப் பாட்டாளிகள் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. நிலம் இல்லாத மக்களும் கூடினால் நிலம் வாங்க முடியும் என்று காட்டிய முயற்சி அது. ஆயினும் அதன் எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. மக்கள் புந்தோங்குக்கும் ஈப்போவைச் சுற்றிய தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். இழப்பீடு பேசும்போது வீடும் வேலையும் ரொக்கமும் பேசப்பட்டன. கொல்லை பெரும்பாலும் கணக்கில் வரவில்லை. தண்ணீரும் மின்சாரமும் குளியலறையும் கிடைத்தது பெரிய முன்னேற்றம், அதை மறுப்பது அநியாயம். ஆனால் தலைமுறைகளாகத் தன் சோற்றுக்கு ஒரு பங்கைத் தானே விளைவித்த சமூகம், ஒரே தலைமுறையில் கறிவேப்பிலையைக் கூடக் காசு கொடுத்து வாங்கும் சமூகமாகிவிட்டது.

இதனால் முதலில் மெலிவது சமையல். மலேசியத் தமிழர் சமையலின் தனித்தன்மை கொல்லையில் உருவானது. முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் ஊரிலிருந்து வந்தவை. செராயும் பாண்டானும் சயூர் மானிஸும் காங்கோங்கும் அக்கம்பக்கத்து மலாய், சீனக் குடும்பங்களிடமிருந்து கற்றவை. கோழிக் குழம்பில் கறிவேப்பிலையோடு பாண்டான் இலையும் சேர்ந்து மணப்பது இந்த மண்ணில் நடந்த கலப்பின் சுவை. அந்தச் செடிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வளர்க்காத வீட்டில், அந்தச் சமையல் மெல்ல மெல்லப் பொட்டலத் தூளுக்குள் சுருங்கிவிடும். வீட்டளவுச் சமையல் அறிவு ஒரு வட்டாரத்துக்கே முகவரி தரக்கூடியது என்பதற்குப் புந்தோங்கே சாட்சி. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் வறுத்தும் பொரித்தும் விற்ற கடலையும் முறுக்கும்தான் அந்தக் குடியிருப்புக்குக் கச்சாங் பூத்தே கம்பம் என்று நாடறிந்த பெயரை வாங்கித் தந்தன.

பாட்டும் இதே மண்ணைச் சார்ந்தது. நாற்று நடவும் களையெடுப்பும் தாலாட்டும் கும்மியும் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்து, பால்மரமும் கங்காணியும் இடம்பெறும் புதிய பாடல்களாயின. பேராக்கில் பிறந்த முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்ததால் ஒரு பகுதி அச்சில் நிலைத்தது. அச்சில் இருப்பது பத்திரமாக இருக்கும், ஆனால் பத்துப் பேர் கூடி வேலை செய்யும் இடத்தில்தான் அது பாட்டாக ஒலிக்கும். புத்தகத்துக்கும் இது பொருந்தும். மலேசியாவைப் பார்த்துச் சென்றபின் அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே', முத்தம்மாளின் 'நாடு விட்டு நாடு', சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' ஆகியவற்றை ஈப்போவின் இளைஞர் ஒருவர் இன்று எடுத்தால், அவற்றில் வரும் மண்ணும் செடியும் வேலையும் அவருக்கு அகராதிச் சொற்களாகவே இருக்கும். தானே ஒரு பாத்தி கட்டியவருக்கு அந்தப் பக்கங்கள் வேறு விதமாகத் திறக்கும். சித்திரை நடவோடு ஒரு வாசிப்பையும் ஒரு கும்மியையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. தோட்ட வாழ்க்கை கொத்தடிமைத்தனத்தின் மிச்சம், அதை ஏன் ஏக்கத்தோடு பார்க்க வேண்டும் என்பது முதல் கேள்வி. நியாயமான கேள்வி. குறைந்த கூலியும் கள்ளுக்கடையும் ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பும் மறக்கத்தக்கவை அல்ல. ஆனால் அந்த வாழ்வில் துரை கொடுத்தது எது, மக்கள் தாங்களாக உண்டாக்கியது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெரட்டுக்கு நின்ற கூலியாள், வேலை முடிந்து தன் விருப்பப்படி நட்டு, தன் விருப்பப்படி பறித்த ஒரே இடம் கொல்லை. அடிமைத்தனத்தோடு சேர்த்து அதையும் எறிவது, மக்களின் சொந்த உழைப்பையும் துரையின் கணக்கில் எழுதுவதாகும்.

சந்தையில் கீரை மலிவுதானே என்பது இரண்டாவது மறுப்பு. கட்டுக் கீரையின் விலையை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் ஆண்டுக்கு அறுபது பில்லியன் வெள்ளிக்கும் மேல் உணவை இறக்குமதி செய்யும் நாடு இது. 1974லேயே துன் அப்துல் ரசாக் அரசு பச்சைப் புத்தகத் திட்டத்தின் வழி வீட்டுக்கு வீடு பயிரிடச் சொன்னது, விலையேற்றத்தின் அடி முதலில் விழுவது ஏழை வீட்டு அடுப்பில்தான் என்பதால். மாடியில் இடமில்லை, தொட்டித் தண்ணீரில் கொசு முட்டையிட்டால் டிங்கி பரவும் என்பது மூன்றாவது. தேங்கும் நீர் ஆபத்துதான். அதனால்தான் தனித்தனித் தொட்டிகளைவிட, வடிகாலும் பொறுப்பாளரும் உள்ள பொதுப் பாத்திகள் நல்லவை என்கிறேன். கெபூன் கொமுனிட்டி என்ற பெயரில் நாட்டின் பல நகரங்களில் இத்தகைய பொதுத் தோட்டங்கள் நடக்கின்றன. நாம் கேட்பது ஏற்கெனவே உள்ள வழியில் நம் பங்கு.

ஆகவே வேண்டுவன மூன்று. மலிவுவிலை அடுக்குமாடி ஒவ்வொன்றிலும் குடியிருப்பாளர் பயிரிட நிலம் ஒதுக்குவதைத் திட்ட அனுமதிக்கான நிபந்தனையாக்க ஈப்போ மாநகர் மன்றமும் மாநில அரசும் முன்வர வேண்டும். பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளில் இடமுள்ளவை, சித்திரை வாரத்தில் மாணவரும் தாத்தா பாட்டிகளும் சேர்ந்து நடும் நாளை நடத்தலாம். விதையும் பாட்டும் தெரிந்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது, அவர்களிடம் கற்க நமக்கு நெடுங்காலம் இல்லை. கோயில்கள் தம் வளாகத்தின் ஒரு மூலையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்து, அன்னதானச் சமையலுக்கு அங்கிருந்தே பறிக்கலாம். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கை அந்நிய அரசின் சட்டமே கூலிக்காரனின் உரிமையாக ஏற்றது. சொந்த நாட்டின் குடிமக்களாகிய நாம் அதைவிடக் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் எதுவுமில்லை.