ஃபோட்டோஷாப் பாவமா? பாவம் வேற இடத்துல இருக்கு மக்களே!

போன நவம்பர்ல சந்தக்ஃபு போய்ட்டு வந்து, சூரிய உதயத்துல எடுத்த கஞ்சன்ஜங்கா படத்தை நண்பர்களுக்குக் காட்டினேன். ஒருத்தர் விடாம கேட்ட ஒரே கேள்வி, "ஃபோட்டோஷாப் தானே?" பனி எந்த ஊர்லய்யா ரோஸ் கலர்ல இருக்கும்னு நக்கல் வேற.

மானேபஞ்சாங்ல ஆரம்பிச்சு, முதுகுல மூட்டையோட மூணு நாள் நடந்து, 3,636 மீட்டர் உயரத்துல, கையுறையைக் கழட்டினா விரல் விறைச்சுப் போற குளிர்ல நின்னு எடுத்த படம்யா அது. அவ்வ்வ்வ்...

சரி, ஒத்துக்கறேன். ஃபோட்டோஷாப்தான். இப்ப என்னாங்கறீங்க?

"கேமராவுல இருந்து அப்படியே வந்த படம்தான் உண்மை"ன்னு ஒரு கோஷ்டி ரொம்ப நாளா சொல்லிட்டுத் திரியுது. பொட்டி தட்டிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், 'அப்படியே'ன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கேமரா குடுக்கிற ஜேபெக் படம்ங்கிறது, எங்கேயோ ஒரு ஏசி ரூம்ல உக்காந்து என்னை மாதிரி ஒருத்தன் எழுதின நிரல் எடுத்த முடிவு. எவ்வளவு கலர், எவ்வளவு கான்ட்ராஸ்ட், எல்லாமே அவன் வெச்ச டீஃபால்ட். அவன் அன்னைக்குக் காலையில மலை மேல இல்ல. நான் இருந்தேன்.

அங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. சூரியன் அடிவானத்துல இருக்கறப்ப வெளிச்சம் காத்து மண்டலத்துல ரொம்ப தூரம் குறுக்கா வரணும். வர்ற வழியிலேயே நீலம் சிதறிப் போயிடும், மிஞ்சறது சிவப்பு. அது முதல்ல தொடறது இருக்கறதுலயே உசரமான இடத்தை, அதாவது கஞ்சன்ஜங்காவோட 8,586 மீட்டர் உச்சியை. கீழ பள்ளத்தாக்கு கும்மிருட்டா கிடக்கும், மேல உச்சி மட்டும் தணல் மாதிரி எரியும். சில நிமிஷம்தான். ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள், அப்புறம் சாதா வெள்ளை.

இந்த ரோஸை கேமராவோட ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்ன பண்ணும் தெரியுமா? "ஏதோ கலர் தப்பா விழுது"ன்னு நினைச்சு 'சரி' பண்ணிடும்! போதாக்குறைக்கு, ஜேபெக்ல ஒரு நிறத்துக்கு 256 படிதான். உச்சியில பனி வெளுத்துப் போகும், அடியில காடு கரியாப் போகும். அதே கேமராவுல 14 பிட் ரா ஃபைல் எடுத்தா 16,384 படி. அதுல இருந்து கண்ணு பார்த்ததை மீட்டுக் கொண்டு வர்றதுக்குப் பேரு ஏமாத்து வேலையா? ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தோட ஆரம்பப் பிரதிகளையும், பல வருஷம் கழிச்சு அவரே போட்ட பிரதிகளையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பின்னாடி வந்ததுல வானம் கிட்டத்தட்ட கருப்பு. எல்லாம் இருட்டறையில பண்ணின வேலை.

கை தட்டாதீங்க, இன்னும் முடிக்கல. என் நிஜமான கோவம் அடுத்த கோஷ்டி மேல.

2020-ல ஃபோட்டோஷாப்ல வானத்தை மாத்தற வசதி வந்துச்சு. ஒரு க்ளிக், வேற ஊர் மேகம் உங்க மலை மேல வந்து உக்காந்துக்கும். சந்தக்ஃபுல இருந்து பார்த்தா, மக்காலு கொஞ்சம் பக்கத்துல இருக்கறதால எவரெஸ்ட்டை விடப் பெரிசாத் தெரியும். அது 'கெத்தா' இல்லைன்னு எவரெஸ்ட்டை மட்டும் இழுத்துப் பெரிசாக்கின படத்தையே நான் பார்த்திருக்கேன். கேட்டா "கலைச் சுதந்திரம்"ங்கறாங்க. வரைஞ்சுட்டுப் போங்க சாமி, யார் வேணாம்னா? இன்ன இடம், இன்ன தேதி, இன்ன மணின்னு கீழ எழுதாதீங்க. எழுதிட்டா அது சாட்சி சொல்ற மாதிரி.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுது? ஏன்னா நானும் அதைப் பண்ணினவன்.

சில வருஷத்துக்கு முன்னாடி கொழுக்குமலை போனேன். அன்னைக்கு மேகக் கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் வெளிறின வானம். அவ்வளவு தூரம் போயிட்டு வெறுங்கையோட வர்றதான்னு, வேற பயணத்துல எடுத்த ஆரஞ்சு மேகத்தை ஒட்டிப் போட்டுட்டேன். செம வரவேற்பு. ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன் அதைப் பார்த்துட்டு, அப்பா அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டான். அம்மாவுக்கு மூட்டு வலி. சூரியநெல்லியில இருந்து அந்தப் பாதையில ஜீப்ல குலுங்கிக் குலுங்கி மேல போயிருக்காங்க.

திங்கக்கிழமை வந்து கேட்டான், "அண்ணா, நீங்க எந்த இடத்துல நின்னு எடுத்தீங்க? நாங்க தப்பான இடத்துல நின்னுட்டோமோன்னு அம்மா கேக்கறாங்க."

படத்தை அவங்க சந்தேகப்படல. தங்களைத்தான் சந்தேகப்பட்டிருக்காங்க. அவங்க முன்னாடி நீல நீலமா அடுக்கடுக்கா மலை இருந்திருக்கும், தேயிலை மேல பனித்துளி இருந்திருக்கும். அதை நிம்மதியாப் பார்க்க விடாம என் பொய் மேகத்தைத் தேட வெச்சிருக்கேன். பதில் சொல்ல வாய் வரல.

அதுல இருந்து எனக்கு ஒரே ஒரு விதி. பக்கத்துல நின்னு பார்த்தவங்க படத்தைப் பார்த்தா "ஆமா, இப்படித்தான் இருந்துச்சு"ன்னு சொல்லணும். சந்தக்ஃபு படத்தை எங்க கூட வந்த வழிகாட்டி அண்ணனுக்கு அனுப்பி, என் ஓட்டை ஹிந்தியில கேட்டேன். "அன்னைக்கு இதை விடச் செவப்பா இருந்துச்சே"ன்னார். இப்ப என்ன சொல்றீங்க, ரோஸ் கலர் நக்கல் கோஷ்டி? :-)

அதனால மக்களே, ரா-வுல எடுங்க, ஒயிட் பேலன்ஸை டேலைட்ல வைங்க, கண்ணு பார்த்தது வர்ற வரைக்கும் தாராளமா தட்டுங்க. வானம் வெறுமையா இருந்தா வெறுமையாவே காட்டுங்க. இல்ல, இன்னொரு நாள் மூட்டையைத் தூக்குங்க.

டிஸ்கி: அந்தக் கொழுக்குமலை படத்தைத் தூக்கிட்டு, வெறும் வானத்தோட இருக்கற அசலைப் போட்டிருக்கேன். மொக்கையாத்தான் இருக்கு. ஆனா அந்த அம்மா பார்த்தது இந்த மாதிரிதான் இருந்திருக்கும்.