நிலத்துக்கு நிலம் எங்கே?

நர்மதை அணைப் பிரச்சினையைச் சங்கக் கூட்டத்தில் எடுத்தால், "பிழைக்க வந்த இடத்தில் நமக்கேன் இந்த வம்பு?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். நாம் குடியிருக்கும் மகாராஷ்டிரத்துக்கு சர்தார் சரோவர் மின்சாரத்தில் நூற்றுக்கு 27 பங்கு. அதற்காக இம்மாநிலத்தின் 33 கிராமங்கள், எல்லாம் ஆதிவாசி ஊர்கள், அணைநீரின் பிடியில். இங்கே விளக்கு போடுகிற நாம் அவர்கள் கதியைக் கேட்க வேண்டாமா?

அவர்கள் யாரிடமும் தருமம் கேட்கவில்லை. 1979-ல் நர்மதை நதிநீர்த் தகராறு நடுவர் மன்றம் அளித்த தீர்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது. கால் பங்குக்கு மேல் நிலம் இழக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேர், அதாவது ஐந்து ஏக்கர், பாசன நிலம். வயதுவந்த மகன் தனிக் குடும்பம். மறுவாழ்வுக்கு ஏற்பாடு செய்யாமல் எந்த ஊரையும் மூழ்கடிக்கக் கூடாது.

நடந்தது என்ன? 1993 மழைக்காலத்திலேயே அக்கல்குவா தாலுகாவின் மணிபேலியில் வெள்ளம் புகுந்தது. 2000-ல் உச்ச நீதிமன்றம் அணை வேலையைத் தொடர அனுமதித்தது. மூன்று நீதிபதிகளில் பரூச்சா ஒருவரே மாறுபட்டார். 2017 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், மத்தியப் பிரதேசத்தில் நிலம் கிடைக்காத 681 குடும்பங்களுக்குத் தலா 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு வந்து முப்பத்தெட்டாம் ஆண்டில்! அந்த ஜூனிலேயே மதகுகளை மூடினார்கள், செப்டம்பரில் திறப்பு விழா. ஃபைலோடு உழல்கிற நமக்குத் தெரியாதா? "ஏற்பாடு செய்யப்பட்டது" என்று எழுத ஒரு வரி போதும். ஐந்து ஏக்கரை அளந்து கொடுக்க அது போதாது.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. காட்டு நிலத்தைப் பாட்டன் காலம் முதல் உழுதவனிடம் பட்டா கிடையாது. உடனே அவன் 'ஆக்கிரமிப்பாளன்'! தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம் காதில் விழாத சொல்லா இது? இலவச வீட்டுக்கு 2000 ஜனவரி 1-க்கு முந்தைய அத்தாட்சி கொண்டுவா என்று நம்மை விரட்டுகிற அதே ஏட்டுக் கணக்குதான் அவர்களையும் விரட்டுகிறது. நாட்டு வளர்ச்சிக்குத் தியாகம் செய் என்பார்கள். தியாகம் செய்யச் சொல்கிறவர்களின் பங்களாவுக்குள் எந்த அணைநீர் புகுந்தது?

அந்த 33 கிராமங்களின் பாதிக்கப்பட்டோர் பட்டியலை ஊர்ஊராக, கிராமசபையில், மக்கள் முன்னால் வாசிக்க வேண்டும். விட்டுப்போன பெயர் ஒன்று இருந்தாலும், வயதுவந்த பிள்ளையானாலும், நிலமாகவே கொடுக்க வேண்டும். இத்தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வருகிறது. வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். குடிசை இடிபட்டால் பானை சட்டியோடு தெருவில் நிற்பவர்கள் அவர்கள்தானே.