வண்டி எத்தனை மணிக்கு?

காலை வேளையில் வடபகுதிப் புகையிரத நிலையமொன்றில் நிற்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வண்டி எத்தனை மணிக்கு வரும்? சுவரில் தொங்கும் நேர அட்டவணை ஒரு விடை சொல்கிறது. பயணச்சீட்டுக் கொடுப்பவர் “இன்னும் தகவல் இல்லை” என்கிறார். பழகிய பயணிகளோ இரண்டையும் பொருட்படுத்தாது, வண்டி அடுத்த நிலையத்தைக் கடந்துவிட்டதா என்று அங்குள்ள உறவினரிடம் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். அரசாங்கத் திணைக்களமொன்று சொல்லவேண்டியதை மைத்துனரிடம் கேட்டு அறியும் நிலைக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இது சில்லறைச் சங்கடமன்று. கிளிநொச்சியிலிருந்தும் பளையிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வரும் இலிகிதருக்கு அலுவலகத்தில் விரல் அடையாள இயந்திரம் காத்திருக்கிறது. அவர் பிந்திய ஒவ்வொரு நிமிடத்தையும் அது எழுதிக்கொள்கிறது. பிந்திய நாட்கள் சேர்ந்தால் அவருடைய விடுமுறையிற் கழிகிறது. போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் வரும் முதியவர், தமக்குரிய நேரம் தப்பிய பின்னர் வந்து, மதியம்வரை வாங்கிலில் இருக்கிறார். நீதிமன்றங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இன்னொன்று. வழக்கு அழைக்கப்படுகிறது. சாட்சி இல்லை. தவணை கொடுக்கப்படுகிறது, சில வேளைகளில் பிடியாணையும் பிறக்கிறது. அரை மணி நேரங் கழித்து, வெயர்வை வழிய, கையிற் பயணச்சீட்டுடன் ஒரு கமக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். வண்டி பிந்தியது என்பது உண்மையான காரணந்தான். ஆயினும் அதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டால் அவரிடம் என்ன இருக்கிறது?

இந்தப் பாதையின் வரலாறு நமது வாசகர்களுக்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டில் காங்கேசன்துறைவரை தொடர்ச்சியாக ஓடத் தொடங்கிய புகையிரதம், 1956 ஏப்ரலில் யாழ்தேவியைப் பெற்றது. 1990 ஜூனில் அது நின்றது. போர்க்காலத்திலே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. புகையிரதத்தையே காணாத ஒரு தலைமுறை வளர்ந்தது. பின்னர் இந்தியக் கடனுதவியுடன் இர்கொன் நிறுவனம் பாதையைப் புதிதாக இட்டது. 2013 செப்ரெம்பரில் வண்டி கிளிநொச்சியை அடைந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் அடைந்தது. முதல் வண்டியைக் காணக் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு சனங்கள் நின்றதை நாம் மறக்கவில்லை. பாதைக்குரிய கடனை நாட்டு மக்கள் அனைவரும், நாமுட்பட, திருப்பிச் செலுத்துகிறோம் என்பதையும் மறக்கவில்லை.

புதிய பாதையில் வண்டி ஏன் பிந்துகிறது? பொல்காவலைக்கு வடக்கே இருப்பது ஒற்றைப் பாதை. எதிர்ப்புறமாக வரும் இரு வண்டிகள் ஒன்றையொன்று நிலையங்களில் மட்டுமே கடக்கமுடியும். ஒன்று பிந்தினால் மற்றையதும் காத்து நிற்கவேண்டும். தெற்கே ஓர் இயந்திரம் பழுதுபட்டதால் ஏற்பட்ட தாமதம், ஏறக்குறைய 400 கிலோமீற்றரைக் கடந்து, ஒன்றுமறியாத மீசாலைப் பயணியின் தலையில் வந்து விழுகிறது. கொழும்பிலிருந்து வரும் நெடுந்தூர வண்டியையே கொடிகாமத்தவரும் கோண்டாவிலாரும் நாளாந்த வண்டியாகப் பயன்படுத்தும்வரை இந்த நிலை மாறாது. நோயின் மூலம் இதுதான் என்பது நமது கருத்து.

இதற்கு மருந்து உண்டென்பதை அரசாங்கமே ஒரு முறை காட்டியது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றி பஸ்களும் மோட்டார் சைக்கிள்களும் முடங்கிக் கிடந்தபோது, வடக்குக்குள்ளேயே அலுவலகத்தாருக்காக யாழ்ராணி என்ற வண்டி ஓட்டப்பட்டது. கொழும்பின் தாமதம் அந்த வண்டியைத் தொடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. நெருக்கடிக் காலத்திற் செய்யமுடிந்ததை நிலையான ஏற்பாடாக்குவதில் என்ன தடை? வண்டித் தொகுதியையும் சாரதியையும் வடக்கிலேயே நிறுத்தி, காலையில் வவுனியாவிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் ஒவ்வொன்று, மாலையில் அவ்வாறே ஒவ்வொன்று என ஓட்டும்படி கேட்கிறோம். இது பேராசையா?

எல்லாத் தாமதத்துக்கும் பாரபட்சமே காரணம் என்று கூற நாம் முன்வரவில்லை. பாணந்துறையிலிருந்தும் அவிசாவளையிலிருந்தும் கொழும்புக்கு வரும் சிங்களத் தொழிலாளியும் வாசற்படியில் தொங்கியபடியே வருகிறார். அவருடைய வண்டியும் பிந்துகிறது. இயந்திரங்கள் பழையவை, ஆட்கள் போதாது, 2022க்குப் பின் பணமும் போதாது. 2025 நவம்பரிலே டித்வா புயல் நாடெங்கும் பாதைகளையும் பாலங்களையும் சிதைத்தது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் பாணந்துறையில் ஒரு வண்டி தவறினால் சற்று நேரத்தில் இன்னொன்று வரும். எழுதுமட்டுவாளில் ஒன்று தவறினால் அன்றைய பொழுது போயிற்று. வண்டிகள் குறைந்த பாதையிலேதான் நேரந் தவறாமை அதிகம் வேண்டும். திணைக்களத்தின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

கமக்காரருக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். சுன்னாகத்திலும் கொடிகாமத்திலும் சந்தையும் புகையிரதமும் அயலயலாக வளர்ந்தவை. புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் ஒரு காலத்திலே பெட்டி பெட்டியாகத் தெற்கே போனது இந்தப் பாதையால்தான். இன்று லொறி. லொறிக்காரர் சொல்வதே கூலி, தரகர் சொல்வதே விலை. காலையிற் பிடுங்கிய கத்தரிக்காயை எத்தனை மணிக்கு வருமென்று தெரியாத வண்டியில் எவர் ஏற்றுவார்? ஆகவே, சரக்கு வருவதில்லை என்று திணைக்களமும் வண்டியை நம்பமுடியாது என்று கமக்காரரும் ஆளையாள் காட்டிக்கொண்டிருக்க, இலாபம் மூன்றாமவர் கைக்குப் போகிறது.

கடவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. காப்பாளரும் படலையும் இல்லாத கடவைகள் வன்னியிலே பல. அங்கே வாழ்வோர் வண்டி வரும் வேளையை மனத்திற்கொண்டே மாட்டையும் உழவு இயந்திரத்தையும் கடத்துகிறார்கள். காலை வண்டி போய்விட்டது என்று எண்ணித் தண்டவாளத்தில் ஏறுபவனுக்கு, அது இன்றைக்கு இன்னும் வரவில்லை என்று யார் சொல்வது? நேரந் தவறும் வண்டி அங்கே உயிராபத்தாகவே முடியும்.

யாரிடம் முறையிடுவது? 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாணத்துக்குள் வீதிவழிப் பயணிகள் போக்குவரத்தை மாகாண சபைக்குக் கொடுத்தது. இருப்புப்பாதையைக் கொடுக்கவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலமும் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் ஆளுநரின் கையிலே கழிந்தன. மல்லாகத்தில் ஒரு வண்டி நிற்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கொழும்பு. இது மாறவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அது மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு மேடையில் நிற்பதா?

நம்மவரின் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வண்டி பிந்தினால் முணுமுணுக்கிறோம், பின்னர் பஸ்ஸில் ஏறுகிறோம், வசதி வந்தால் மோட்டார் சைக்கிள் வாங்குகிறோம். சிலர் சீட்டு எடுப்பதுமில்லை. சீசன் சீட்டுக்கு முற்பணம் கட்டியவர் சட்டப்படி கேட்க உரித்துடையவர். அவரும் கேட்பதில்லை. வண்டி பிந்துகிறது என்று நாம் எழுதினால், “எந்த நாளில், எத்தனை நிமிடம்?” என்று ஒரு வரியிற் பதில் வரும். அந்த வரிக்கு நம்மிடம் இன்று விடையில்லை.

விடையைத் தேடும் வழி கடினமானதன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்தப் பிரசையும் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது முடிவை அறிவிக்கவேண்டும். வண்டி வந்துபோன நேரங்கள் திணைக்களத்தின் பதிவுகளில் இருக்கின்றன. அவற்றைக் கேட்போம். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழுவும் உண்டு.

அவர்களுடைய பதிவை ஒப்பிடுவதற்கு நம்முடைய பதிவும் வேண்டும். சாவகச்சேரி, கொடிகாமம், பளை, கிளிநொச்சி, சுன்னாகம், தெல்லிப்பழை ஆகிய நிலையங்கள் ஒவ்வொன்றிலும் நாளாந்தம் பயணஞ் செய்யும் ஒருவர், ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதியையும், அட்டவணை நேரத்தையும், வண்டி வந்த நேரத்தையும், தமிழில் அறிவித்தல் செய்யப்பட்டதா என்பதையும் மூன்று மாதங்களுக்குக் குறித்துவருதல் போதுமானது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்கு மிகப் பொருத்தமானவர்கள். கொப்பிகளை நமது காரியாலயத்துக்கு அனுப்பினால், விண்ணப்பங்களை எழுதுவதும் மேன்முறையீட்டில் தோன்றுவதும் நம்மைச் சேர்ந்த வழக்கறிஞர்களின் பொறுப்பு. அதற்குக் கட்டணம் இல்லை. வருகிற திங்கட்கிழமை முதல் வண்டியிலிருந்து எழுதத் தொடங்கலாம்.