பெட்டி நம்பரும் ஃப்ரேம்வொர்க் பக்தர்களும்

"ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கும், நீ கை வைக்காதே" என்று சொல்லும் ஒரு கோஷ்டி இருக்கிறது. ஜாங்கோ, ரெயில்ஸ், லாரவெல், எதை எடுத்தாலும் இதே பாட்டுதான். ஃபார்மைச் சரிபார்க்க எல்லாமே அதற்குள் இருக்கிறதாம். அதைச் சுற்றிச் சொந்தமாக நாலு வரி எழுதினால் கத்துக்குட்டித்தனமாம். இந்தப் பக்தகோடிகளை ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். 2001-இல் எண்ணூரும் சேர்ந்துகொண்டது (2014 முதல் அது காமராஜர் துறைமுகம், ஊர் வாயில் இன்னமும் எண்ணூர்தான்). திருவொற்றியூர்க்காரர்களிடம் டிரெய்லர் வரிசை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டம் கட்டி இன்னொரு இலக்கம் இருக்கும். ஐஎஸ்ஓ 6346 தரம்.

கட்டத்தில் இருப்பது அழகுக்காக இல்லை. எழுத்துகளுக்கு 10 முதல் 38 வரை மதிப்பு, இடையில் 11-இன் மடங்குகள் மட்டும் கிடையாது. முதல் பத்து இடங்களையும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது (மீதி 10 வந்தால் 0). 'சிஎஸ்கியூயு 305438' என்றால் கூட்டுத்தொகை 6185, மீதி 3. அவசரத்தில் 304538 என்று மாற்றி அடித்தால் மீதி 1. தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மாட்டிக்கொள்ளுமா? கணக்கைப் போட்டுப் பார்த்தால்தானே! 'நாலு எழுத்து, ஏழு இலக்கம்' என்ற ரெகெக்ஸ் இரண்டையும் கும்பிட்டு உள்ளே விடும். பேப்பரில் ஒரு நம்பர், பெட்டியில் ஒரு நம்பர் என்று கேட்டில் நிற்கப்போவது ரெகெக்ஸ் எழுதியவர் இல்லை, டிரைவர்.

இதைவிட வேடிக்கை ஒன்று. எண் 11 இடம்தானே என்று ஜாங்கோ ஃபார்மில் அதிகபட்ச நீளம் 11 என்று கொடுத்தாயிற்று. அந்த 11 அப்படியே பிரவுசருக்கும் போகும். குமாஸ்தா 'சிஎஸ்கியூயு 305438 3' என்று பெட்டியில் உள்ளபடி இடைவெளியோடு காப்பி பேஸ்ட் செய்கிறார். ஆங்கில எழுத்தில் அது 13 இடம். பிரவுசர் சத்தமில்லாமல் கடைசி இரண்டை வெட்டிவிடும். போனது எது? அந்த 3! மிச்சம் இருப்பது சரியாக 11 இடம். ஃப்ரேம்வொர்க்குக்குப் பரம திருப்தி :-)

இடைவெளியை எடுக்க 'கிளீன்' என்று தொடங்கும் மெத்தடில் எழுதினால் போதாது. ஃபீல்டின் சொந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் அதற்கு முறை வரும். நீளச் சோதனையில் விழுந்துவிட்டால் அந்தப் பக்கமே போகாது. அதற்கும் முன்னால் ஓடும் 'டூ பைதான்' மெத்தடில் இடைவெளியையும் கோட்டையும் நீக்கி, பிரவுசருக்குப் போகும் 11-ஐயும் எடுத்துவிட்டு, பிறகு 'கிளீன்' மெத்தடில் மீதிக் கணக்கைப் போட வேண்டும். ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்கி, மாநிலம் ஆந்திரா என்று இருந்தால் பிடிப்பதற்கு ஃபார்ம் முழுக்குமான 'கிளீன்' கடைசியில் இருக்கிறது. ஃப்ரேம்வொர்க்கை எழுதியவர்களே முன்னும் பின்னும் கதவு வைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். பூட்டு போடுவது பக்தர்கள்தான். ஜாவாஸ்கிரிப்டில் பார்த்துக்கலாம் என்பவர்களுக்கு ஒரே கேள்வி: எக்செல் ஷீட்டில் மொத்தமாக ஏற்றுகிற நம்பர்கள் எந்த பிரவுசர் வழியாக வருகின்றன?

தப்பானதை உள்ளே விடுவது ஒரு பக்கம். சரியானதைத் துரத்துவது இன்னொரு பக்கம். 2015-இல் வந்த ஜாங்கோ 1.9 முதல் ஸ்லக் ஃபீல்டில் யூனிகோடுக்கு அனுமதி உண்டு. நம்பி 'எண்ணூர்' என்று அடித்தால், செல்லாது என்று திருப்பி அனுப்பும். காரணம், பைதான் ரெகெக்ஸின் கணக்கில் புள்ளியும் கொம்பும் காலும் எழுத்தே இல்லை. அதே கணக்கை நம்பி ஸ்லக் தயாரிக்கும் ஃபங்ஷனிடம் யூனிகோடு அனுமதியோடு 'திருவொற்றியூர்' என்று கொடுத்தால் வருவது 'தரவறறயர'. ராயபுரம் 'ரயபரம' ஆகிறது. இதைச் சரிசெய்யத் தேவை, உயிர்மெய்க் குறிகளையும் சேர்த்துக்கொள்ளும் சொந்த வேலிடேட்டர், ஒரே ஒரு வரி. அதையும் கத்துக்குட்டி வேலை என்பவர்கள் தங்கள் பெயரைத் தமிழில் அந்தக் கட்டத்தில் ஒருமுறை அடித்துப் பார்க்கட்டும்.