விபோர்க் நாட்குறிப்பு: உறை மோரைக் கொட்டின கதை

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் தலைகாட்டலை. காரணம் மீன். குழம்புல கிடக்கிற மீன் இல்லை மக்களே, தோட்டத்துல நீந்துற மீன் :-)

விபோர்க்ல நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்குப் பின்னாடி ஒரு குட்டிக் குளம். சுமார் 3000 லிட்டர் தண்ணி, ஒன்பது தங்கமீன், அடியில ஒரு பம்ப். அது தண்ணியை உறிஞ்சி, பஞ்சு வச்ச ஃபில்டர் பெட்டிக்கு அனுப்பும். அங்கேர்ந்து சின்ன அருவியா திரும்பக் குளத்துல விழும். வீட்டுக்காரம்மா ஜூலையில மக வீட்டுக்குப் போறப்ப, "தினம் ஒரு சிட்டிகை தீனி போடு, பம்ப் ஓடுதான்னு பாரு"ன்னாங்க. அவ்வளவுதான் வேலை.

மூணாவது நாள் அருவி நூலாயிடுச்சு. ப்ளக்கைப் பிடுங்கிட்டு பம்பை வெளியே எடுத்தா, இம்பெல்லர் முழுக்க நூல் பாசி சுத்தியிருக்கு. அதை எடுத்ததும் ஜோரா ஓடிச்சு. அதோட விட்டிருக்கலாம். பஞ்சு கன்னங்கரேல்னு இருக்கேன்னு, கொதிக்கிற தண்ணியில அலசி, கொடியில காயப்போட்டு, பளிச்சுன்னு மாட்டினேன். எங்க அம்மா பார்த்திருந்தா பெருமைப்பட்டிருப்பாங்க.

ஒரு வாரம் கழிச்சு, காலையில எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. பசின்னு நினைச்சு ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேன். சாயங்காலம் ரெண்டு மீன் மிதந்தது.

ஷெட்ல இருந்த டெஸ்ட் ஸ்ட்ரிப்பை முக்கினேன். நைட்ரைட் கட்டம் அடர் ரோஸ். அப்பதான் உறைச்சது. நான் கழுவினது அழுக்கை இல்லை. மீன் வெளியேத்துற அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அதை ஆபத்து குறைஞ்ச நைட்ரேட்டா மாத்தும். அந்தப் பஞ்சுதான் ரெண்டுக்கும் வீடு. பம்ப் ஓடுறதே அதுங்களுக்கு ஆக்சிஜன் கொண்டுபோகத்தான். நைட்ரைட் ரத்தத்துல ஏறினா, தண்ணியில ஆக்சிஜன் இருந்தும் ரத்தத்தால அதைச் சுமக்க முடியாது. தயிர்ப் பாத்திரத்தைச் சுத்தமா கழுவுறேன்னு உறை மோரையும் சேர்த்துக் கொட்டினவன் கதைதான் என் கதை. தீனி வேற கூடப் போட்டு அம்மோனியாவையும் ஏத்தியிருக்கேன்.

போன் பண்ணச் சொல்ல ஒரு மணி நேரம் ஆச்சு எனக்கு. அவங்க ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் வரிசையா சொன்னாங்க: தீனியை நிறுத்து. மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்து. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைச்சு விடு, உப்புல இருக்கிற குளோரைடு செவுள் வழியா நைட்ரைட் ஏறாம தடுக்கும். பக்கத்து வீட்டுக் குளத்துப் பஞ்சைப் பிழிஞ்ச அழுக்குத் தண்ணியை வாங்கி நம்ம ஃபில்டர்ல ஊத்து.

வாளியோட போய் நின்னேன். ஊர்ல உறை மோருக்குக் கிண்ணத்தோட போவோமே, அதே மாதிரி. இங்க குழாய்த் தண்ணி நிலத்தடி நீர், பெரும்பாலும் குளோரின் கலக்கிறதில்லை. அதனால அப்படியே மாத்த முடிஞ்சது. நம்ம ஊர்ல குளோரின் தண்ணின்னா ஒரு நாள் திறந்து வச்சுட்டு ஊத்துங்க.

ஏழு மீன் பிழைச்சது. திரும்பி வந்ததும் அவங்க பெட்டியைக்கூட உள்ளே வைக்காம குளத்துகிட்ட போய் எண்ணினாங்க. "அந்த வெள்ளை வால் எங்கே?"ன்னு மட்டும் கேட்டாங்க. ஆப்பிள் மரத்தடியைக் காட்டினேன்.

இப்பல்லாம் பஞ்சைக் குளத்துத் தண்ணியிலயே, ஒரு தடவைக்குப் பாதி மட்டும் பிழியறேன். கொஞ்சம் அழுக்கு இருக்கட்டும்.