ஜப்சேயைக் கிண்டினது யார்?

கொரிய நாடகம் பார்க்கிற ஆக்களுக்கு ஜப்சேயைத் தெரிஞ்சிருக்கும். சுசொக் அறுவடைப் பண்டிகை, புதுவருசம், கலியாணம், அறுபதாம் பிறந்தநாள் எண்டு எந்தக் கொண்டாட்டத்திலும் ஒரு பெரிய தட்டில மினுங்கிக்கொண்டு இருக்கிற நூடில்ஸ். 'பாரம்பரிய உணவு' எண்டுதான் எல்லா இடமும் அறிமுகப்படுத்துவினம்.

ஆனால் 'ஜப்' என்றால் கலவை, 'சே' என்றால் மரக்கறி. பெயரில நூடில்ஸே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் குவாங்ஹேகுன் மன்னரின் அரண்மனையில் பேர்பெற்ற ஜப்சேயில் நூடில்ஸ் கிடையாது. 1670 அளவில் ஜாங் கியே-ஹியாங் என்ற பெண் எழுதிய சமையல் நூலில் இருக்கிற ஜப்சேயிலும் கிடையாது. அது வந்து சேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். இண்டைக்கு அது இல்லாட்டி யாரும் அதை ஜப்சே எண்டு ஒத்துக்கொள்ள மாட்டினம்.

தட்டில இருக்கிறது இவ்வளவு மாறலாம் எண்டால், அடுப்படியில நிக்கிற ஆள் மட்டும் ஏன் மாறக்கூடாது?

ஜப்சே லேசுப்பட்ட வேலை இல்லை. கரட், வெங்காயம், காளான், கீரை, இறைச்சி எல்லாத்தையும் மெல்லிசா வெட்டி, தனித்தனியா வதக்கி அல்லது அவிச்சு, கடைசியில நூடில்ஸ், சோயா சோஸ், நல்லெண்ணெயோட பிரட்டவேணும். பண்டிகை மேசையில இது ஒரு சாப்பாடு மட்டும்தான். மிச்சத்தையும் வழமையாகச் சமைக்கிறது அந்த வீட்டு மருமகள்மார். அதுவும் கணவனுடைய மூதாதையருக்குப் படைக்க. இந்தக் களைப்புக்கும் மன உளைச்சலுக்கும் கொரியாவில் 'பண்டிகை நோய்' எண்டே ஒரு பெயர் இருக்கு.

2022 செப்டெம்பரில், கொன்பூசியச் சடங்குகளுக்குப் பொறுப்பான சுங்க்யூங்வான் நிறுவனமே, படையலுக்கு எண்ணெயில் பொரிச்ச பண்டங்கள் தேவையில்லை, ஒன்பது வகை போதும் எண்டு அறிவிச்சது. நல்ல விசயம். ஆனால் பட்டியல் குறைஞ்சாலும், அந்த ஒன்பதையும் ஒருத்தியே செய்தால் என்ன மாற்றம்?

'அப்ப கடையில வாங்கலாமே' எண்டு சிலர் கேட்பினம். வாங்கலாம், பிழையே இல்லை. ஆனால் ஜப்சே அழியவேணும் எண்டு நான் சொல்லேல்லை. அஞ்சு மரக்கறியை அஞ்சு பேர் வெட்டினால் அது அரை மணித்தியால வேலை. மகனுக்கும் கத்தி பிடிக்கத் தெரியும். ஆண்கள் வெட்டினால் மூதாதையர் கோவிப்பினம் எண்டு நான் நம்பேல்லை.